தாடி நனையாத கோழி

கோழிக்குத் தண்ணீரை உறிஞ்சத் தெரியாது. அலகால் ஒரு வாய் அள்ளும்; தலையை மேலே தூக்கும்; தண்ணீர் தன் பாரத்தில் தொண்டைக்குள் இறங்கும்; மறுபடி குனியும். சேவல் இப்படிக் குனியும் ஒவ்வொரு முறையும் அலகுக்குக் கீழே தொங்கும் இரண்டு சிவப்புத் தாடிகளும் தண்ணீரில் தோய்ந்து எழும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அது அதற்குச் சுகமான காரியம். மொன்றியலின் சனவரிக் காலையில், மைனஸ் 20 பாகையில், தாடியில் ஒட்டிய நீர் உறைந்துவிடும். தாடி முதலில் வெளிறும், பிறகு வீங்கும், கடைசியில் கறுத்து உலர்ந்து விழும். தலைக்கு மேலே இருக்கும் கொண்டைக்கும் அநேகமாக அதே கதிதான். அந்தக் கொண்டையைத் தமிழில் பூ என்றும் சொல்வதுண்டு. இங்கே அந்தப் பூ கருகுவதைப் பார்த்த பிறகு அந்தச் சொல் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

ஆக, குளிர் நாட்டில் கோழிக்குத் தண்ணீர் வைப்பவருக்கு இரண்டு வேலைகள். தண்ணீர் உறையக் கூடாது என்பது ஒன்று. உறையாத தண்ணீர் கோழியின் முகத்தில் படக் கூடாது என்பது மற்றது. முதலாவதற்கு விடை இன்று கடையில் கிடைக்கிறது. இரண்டாவதற்கான விடை, மொன்றியலுக்கு மேற்கே ஐம்பது கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஓக்கா என்ற ஊரில், ஒரு துறவியின் பத்து வருட உழைப்பில் கிடைத்தது. அவர் தண்ணீரை மட்டும் நினைத்து அந்த வேலையைத் தொடங்கவில்லை. கனடாவின் குளிரைத் தாங்கி, குளிர்காலத்திலும் முட்டையிட்டு, இறைச்சிக்கும் உதவும் ஒரு கோழி வேண்டும் என்றே தொடங்கினார். ஆனால் அவர் உருவாக்கிய கோழியின் முகத்தைப் பார்த்தால், தண்ணீர்ப் பாத்திரத்தை எதிரில் வைத்துக்கொண்டு செதுக்கியது போல இருக்கும்.

முதலாவது வேலையை நான் தினமும் செய்கிறேன். ரோஸ்மோனில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று பேடுகள் நிற்கின்றன. மொன்றியல் நகரசபை 1966இல் கோழி வளர்ப்பைத் தடை செய்திருந்தது. இந்த நூற்றாண்டில்தான் ரோஸ்மோன்–லா பெத்தித்-பத்ரி போன்ற சில பகுதிகள், அனுமதிப்பத்திரத்தோடு நாலைந்து பேடுகளை வைத்திருக்க விட்டன. சேவலுக்கு அனுமதி இல்லை. நாள் முழுக்கக் கணினித் திரைக்கு முன்னால் இருந்து வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் எனக்கு, காலை ஆறரை மணிக்கு வாளியோடு பனியை மிதித்துக்கொண்டு போவது ஒன்றுதான் உடற்பயிற்சி.

ஒரு பேடு நாளுக்குக் கால் லீட்டர் அளவு தண்ணீர் குடிக்கும். முட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே தண்ணீர் தடைப்பட்டால் முதலில் நிற்பது முட்டை. பனியைக் கொத்தித் தின்று சமாளிக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்குக் கொத்தும், முட்டையிடும் பேட்டுக்கு அது காணாது. தின்ற பனியை வயிற்றுக்குள் உருக்க அது தன் தீனியையே எரிக்க வேண்டும். 0 பாகையில் நிற்கும் ஒரு லீட்டர் தண்ணீருக்கும் அதே அளவு பனிக்கட்டிக்கும் இடையில் 334 கிலோஜூல் வெப்பம் இருக்கிறது. 60 வாட் மின்குமிழ் ஒன்றரை மணித்தியாலம் எரிந்தால் வெளிவரும் வெப்பம் அது. மூன்று கிலோ நிறையுள்ள பறவைக்கு இது சின்னக் கணக்கல்ல.

வழிகள் பல உண்டு. பின்வளவுக் கோழிக்காரர் இருவர் சந்தித்தால் சனவரியில் வேறு கதை வராது. உலோகப் பாத்திரம் கூடாது. வெப்பத்தை ஓடவிட்டுத் தானும் வெடித்துப்போகும். கறுப்பு ரப்பர் சட்டி நல்லது. உள்ளே தண்ணீர் கல்லாகிப் போனாலும் கவிழ்த்துக் காலால் ஒரு உதை விட்டால் பனிக்கட்டி வட்டமாகக் கழன்று விழும். உப்புக் கரைசல் நிரப்பிய போத்தலைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் உறையாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. போத்தலுக்குள் இருக்கும் உப்புநீர் உறையாது, உண்மைதான். வெளியே இருக்கும் தண்ணீருக்கு அதனால் என்ன இலாபம் என்று எனக்கு விளங்கவில்லை. கோழி கொத்தினால் சொட்டு விழும் குழாய் கோடையில் சுத்தம். மைனஸ் 5க்குக் கீழே போனால் அதன் நுனிதான் முதலில் அடைக்கும். நான் வைத்திருப்பது, பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் சூட்டுத்தட்டு. குளிர் கூடினால் தானாக எரியும், குறைந்தால் தானாக அணையும். சூட்டு விளக்கு மட்டும் தொங்கவிடுவதில்லை. வைக்கோலும் மின்விளக்கும் சேர்ந்து கூட்டையே எரித்த கதைகள் இங்கே நிறைய.

அம்மா ஒரு குளிர்காலம் எங்களோடு வந்து நின்றபோது இந்த ஏற்பாட்டைச் சன்னலால் பார்த்துச் சிரித்தார்.

“கோழிக்கு ஹீற்றர் போட்டே தம்பி தண்ணி வைக்கிறாய்? ஊரில சிரட்டையில விட்டால் குடிச்சிட்டுத் தன்ர பாட்டில போகும்.”

“இங்க சிரட்டையில விட்டால் சிரட்டையும் தண்ணியும் சேர்ந்து கல்லாப் போகும் அம்மா.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டார்: “அப்ப கரண்ட் வராத காலத்தில இந்தச் சனம் என்ன செய்தது?”

கேள்வி நியாயமானது. மொன்றியல் நகரத்துத் தெருக்களில் மின்விளக்கு எரிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் கியூபெக்கின் கிராமங்கள் இருட்டில்தான் இருந்தன. மொறிஸ் டுப்லெஸ்ஸியின் அரசு கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோவதற்கென்று ஓர் அலுவலகம் அமைத்தது 1945இல். அதற்கு முன்பு பெரும்பாலான பண்ணைகளில் கோழித் தண்ணீரை உறையாமல் வைத்தது அடுப்பங்கரைக் கெண்டியும் ஒரு பெண்ணின் கைகளும்தான். மாடும் குதிரையும் ஆண்களின் பொறுப்பு. கோழி பெண்களுடையது, பிள்ளைகளுடையது. முட்டைக் காசு வீட்டுச் செலவுக்கு. 1915இல் கியூபெக்கில் தொடங்கிய பண்ணைப் பெண்கள் வட்டங்கள் நெசவோடும் தோட்டத்தோடும் கோழி வளர்ப்பையும் பேசியது இதனால்தான். காலையில் சுடுதண்ணீர், மதியம் சுடுதண்ணீர், பொழுதுபட முன் ஒருமுறை. இரவில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது. மரத்தொட்டியைச் சுற்றி வைக்கோலோ எருவோ திணித்து வைத்தார்கள். வசதி உள்ளவர்கள் அடியில் சிறிய மண்ணெண்ணெய் விளக்கு எரியும் பாத்திரம் வாங்கினார்கள். சாப்பாட்டிலேயே தண்ணீரை ஒளித்து வைப்பது இன்னொரு வழி. முட்டைக்கோசையும் மாட்டுக்கு வளர்க்கும் பெரிய பீற்றூட்டையும் கூட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டால் கோழிகள் நாள் முழுக்க எம்பி எம்பிக் கொத்தும். ஈரமும் கிடைக்கும், பொழுதும் போகும்.

இத்தனை பாடுபட்டும் குளிர்காலத்தில் முட்டை அரிது. மொன்றியலில் திசெம்பர் 21ஆம் திகதி பகல் எட்டே முக்கால் மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. பேடு ஒழுங்காக முட்டையிட ஏறத்தாழ பதினான்கு மணித்தியால வெளிச்சம் வேண்டும். வெளிச்சக் குறைவு ஒரு பக்கம், குளிர் மறு பக்கம், தண்ணீர் தட்டுப்பாடு இன்னொரு பக்கம். அரிதானதால் குளிர்கால முட்டைக்கு நல்ல விலை. ஆனால் அந்தக் காலத்தில் முட்டைக்குப் பெயர்போன கோழி லெக்ஹோர்ன். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய, மத்தியதரைக் கடல் வெயிலுக்குப் பிறந்த வெள்ளைக் கோழி. அதன் கொண்டை பெரிது, தாடி நீளம். கோழிக்கு வியர்க்காது. உடம்பின் மிகைச்சூட்டை வெளியேற்ற அது வைத்திருக்கும் வழிகளில் கொண்டையும் தாடியும் முக்கியமானவை. வெயில் நாட்டில் அது காற்றாடி. பனி நாட்டில் அது திறந்து கிடக்கும் சன்னல். கொண்டை உறைந்த சேவல் வலியில் தீனி குறைக்கும். அதன் விந்துவளமும் குறையும். மாசியிலும் பங்குனியிலும் அடைக்கு வைக்கும் முட்டைகள் கூழாகிப் போகும். ஒரு பண்ணைக்கு அது ஒரு வருடத்துக் குஞ்சுகளின் இழப்பு.

இங்கேதான் ஓக்கா வருகிறது.

எங்கள் வாசகர்களில் கொஞ்சம் வயதானவர்களுக்கு ஓக்கா என்றவுடன் 1990தான் நினைவுக்கு வரும். மோஹாக் மக்களின் இடுகாட்டையும் பைன் மரக்காட்டையும் ஒட்டிக் கோல்ஃப் மைதானத்தை விரிக்கப் போன இடத்தில் எழுந்த, 78 நாட்கள் நீடித்த முற்றுகை. அந்த வழக்குக்கும் துறவிமடத்துக்கும் ஒரு பொதுவான வேர் உண்டு. பிரான்சின் பெல்ஃபொந்தேன் மடத்திலிருந்து ட்ராப்பிஸ்ட் துறவிகள் 1881இல் இங்கே வந்தபோது நிலம் கொடுத்தவர்கள் சுல்பீசியன் குருமார். அந்த நிலம் எங்களுடையது என்று கனெசத்தாகே மோஹாக் மக்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே முறையிட்டு வந்தார்கள். கோழியின் கதையில் இதை ஏன் சொல்கிறாய் என்று கேட்கலாம். ஒரு ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு அதன் நிலத்தைப் பற்றிப் பேசாமல் போக எங்களைப் போன்றவர்களுக்கு முடிவதில்லை.

ட்ராப்பிஸ்ட் துறவிகள் பேச்சைக் குறைத்துக் கை வேலையில் வாழ்பவர்கள். அவர்களின் ஓக்கா சீஸ் இன்றும் இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அவர்கள் ஒரு விவசாயப் பள்ளியும் நடத்தினார்கள். அங்கே கோழிப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் அருட்சகோதரர் வில்ஃப்ரித் ஷாத்லான். 1907இல் அவருடைய தகப்பனார் மடத்துக்கு வந்தபோது, கூடுகளில் நின்ற கோழிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாட்டு இனமாக இருப்பதையும் கனடாவுக்கென்று ஒரு கோழியும் இல்லாததையும் பேச்சோடு பேச்சாகக் கவனித்தார்கள் என்றும், அங்கிருந்துதான் யோசனை பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது.

1908இல் வேலை தொடங்கியது. கறுத்த கோர்னிஷ் சேவலை வெள்ளை லெக்ஹோர்ன் பேட்டோடு சேர்த்தார். றோட் ஐலண்ட் சிவப்புச் சேவலை வெள்ளை வையன்டொட் பேட்டோடு சேர்த்தார். அடுத்த வருடம் முதல் சோடியின் சேவல்களையும் இரண்டாம் சோடியின் பேடுகளையும் கூட்டினார். அதற்கும் பிறகு பிளிமத் றொக் என்ற வெள்ளை இனத்தின் இரத்தத்தைக் கலந்தார். தலைமுறை தலைமுறையாகக் கொண்டை பெரிதானதைக் கழித்தார், தாடி நீண்டதைக் கழித்தார், குளிர்காலத்தில் முட்டை குறைந்ததைக் கழித்தார். எங்கள் தொழிலில் ஒரு மென்பொருளைப் பத்துத் தடவை திருத்தினாலே களைத்துப்போவோம். இவருடைய ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வருடம் வேண்டும். 1918இல் அந்தக் கோழியை வெளியாருக்குக் காட்டினார். 1921இல் அமெரிக்கக் கோழிச் சங்கம் அதைத் தனி இனமாகத் தன் தர நூலில் சேர்த்தது. பெயர் ஷான்தெக்லேர். பிரெஞ்சில் ‘பாடு’, ‘தெளிவாக’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நரியின் கதைகள் என்று பிரெஞ்சில் புகழ்பெற்ற மத்தியகாலக் கதைத்தொகுதியில் வரும் சேவலின் பெயரும் அதுதான்.

வெள்ளை உடம்பு, மஞ்சள் கால். சேவல் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பேடு மூன்று கிலோ. பார்த்தவுடன் கண்ணில் படுவது தலைதான். கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திண்டை அமுக்கி வைத்தது போல ஒரு சிவப்புப் புடைப்பு. தாடி இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கழுத்து இறகு தடிப்பாகக் கன்னம் வரை ஏறி நிற்கும். என்னிடம் நிற்கும் மூன்றில் இரண்டு ஷான்தெக்லேர். மூன்றாவது, பெரிய கொண்டையுள்ள ஒரு கலப்புப் பேடு. மூன்றும் ஒரே பாத்திரத்தில் குடிக்கும்போது வித்தியாசம் தெரியும். கலப்புப் பேட்டின் தாடி நுனியில் சொட்டு தொங்கும். ஷான்தெக்லேரின் அலகு மட்டும் நனைந்திருக்கும்.

இந்தக் கொண்டை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன போதுதான் எனக்கு உண்மையான ஆச்சரியம் காத்திருந்தது. வில்ஃப்ரித் எடுத்த ஐந்து இனங்களில் லெக்ஹோர்ன் நெட்டையான ஒற்றைக் கொண்டைக்காரன். பிளிமத் றொக்கும் ஒற்றைக் கொண்டைதான். தலையோடு ஒட்டிய கொண்டைகள் இரண்டு: வையன்டொட்டின் ரோஜாக் கொண்டையும் கோர்னிஷின் பட்டாணிக் கொண்டையும். ரோஜாவும் பட்டாணியும் கூடினால் இரண்டும் அல்லாத, அக்ரூட் பருப்பு மாதிரி ஒரு கொண்டை வரும் என்பதை இங்கிலாந்தின் பேட்சனும் பன்னெட்டும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் கண்டுபிடித்திருந்தார்கள். மரபியல் பாடநூல்களில் இன்றும் அந்த உதாரணம் இருக்கிறது. அவர்களுக்கு வழிகாட்டிய மெண்டலும் ஒரு துறவிதான். ஷான்தெக்லேரின் திண்டுக் கொண்டையை இந்த அக்ரூட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வையன்டொட் என்பது ஒன்ராறியோப் பக்கத்துப் பழங்குடி மக்களின் பெயர். கோழி என்னவோ அமெரிக்காவில் உருவானது. ஆனால் கோர்னிஷ்? அதன் பழைய பெயர் ‘இந்தியன் கேம்’, அதாவது இந்தியப் போர்க்கோழி. இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவான இனம் அது. வங்காளப் படையில் தளபதியாக இருந்த கோர்ன்வால்காரர் சேர் வோல்டர் கில்பெர்ட்டின் பெயரை அதன் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அடிப்படை இரத்தம் இந்தியாவிலிருந்து போன அசில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் பெயரிலிருந்து இந்தியாவை உதிர்த்துவிட்டுக் கோர்னிஷ் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பொரித்து விற்கும் இறைச்சிக்கோழி, கோர்னிஷுக்கும் வெள்ளைப் பிளிமத் றொக்குக்கும் பிறந்த பரம்பரை.

அசில் எங்களுக்கு அந்நியமில்லை. கரூர்ப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்கு நடக்கும் சேவற்கட்டில் இறங்கும் சேவல்களில் அந்தச் சாயல் நிற்கிறது. தலையோடு ஒட்டிய சிறு கொண்டை, இல்லாத தாடி. சண்டையில் எதிரி பிடித்து இழுக்க எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்த தலை அது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் இறந்த ஒரு சேவலுக்குக் கல் நட்டு எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். கல்லுக்கு வயது சுமார் ஆயிரத்து ஐந்நூறு. யானையை வென்ற கோழியின் கதையால் உறையூருக்கே கோழி என்று பெயர் வந்தது. அலகுக்குச் சிக்காத தலை, பனிக்கும் சிக்காது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ சேவல் வளர்த்த ஒருவருக்கு இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இன்னொன்று கால். கோழியின் முதல் மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக் கோழி. அதன் தோல் வெள்ளை. வீட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு வேறோர் இடத்திலிருந்து வந்தது என்று 2008இல் சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த இடம், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் திரியும் சாம்பல் காட்டுக்கோழி. ஓக்காவின் கோழி பனியில் ஊன்றி நிற்கும் மஞ்சள் கால், எங்களுடைய காட்டின் கால். இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி இந்தக் கதையில் இல்லையா என்று அம்மா கேட்டார். அது தன் தீவிலேயே நின்றுவிட்டது. பிரெஞ்சுத் தளபதி லஃபயெத்தின் பெயரை அதன் அறிவியல் பெயரில் சுமப்பதோடு சரி.

ஓக்காவின் கோழிக்கு நல்ல கொண்டை மட்டும் போதாது என்பதையும் அந்தக் காலத்தவர்கள் அறிந்திருந்தார்கள். கோழி மூச்சாலும் எச்சத்தாலும் நாள் முழுக்க ஈரத்தை வெளிவிடும். குளிருக்குப் பயந்து கூட்டை இறுக்க மூடினால் அந்த ஈரம் உள்ளேயே சுற்றி, கொண்டையில் படிந்து, அங்கேயே உறையும். தண்ணீர்ப் பாத்திரத்தில் தோயாத கொண்டையும் இப்படிக் கருகலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் முன்பக்கம் திறந்த கோழிக்கூடுகள் பரவின. தெற்குப் பக்கத்தில் சுவருக்குப் பதில் வலையும் துணித்திரையும். காய்ந்த குளிர் கோழிக்கு ஆகும். நனைந்த குளிர் ஆகாது. மொன்றியலில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1957 சனவரியின் மைனஸ் 37.8 பாகை. அப்படி ஒரு இரவில்கூட, காய்ந்த கூட்டில் ஷான்தெக்லேர் தன் பாதங்களின் மேல் குந்தி, தலையை இறகுக்குள் செருகி விடியும் வரை இருக்கும். என் கூட்டின் கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு நான் மூடாமல் விட்டிருப்பது இதனால்தான். அயலவர்கள் கோழிகளின் மேல் எனக்கு இரக்கம் இல்லை என்று நினைக்கிறார்கள்.

இவ்வளவு நன்றாகச் செய்த கோழி ஏன் எல்லாப் பண்ணைகளிலும் இல்லை? மின்சாரம் வந்ததுதான் காரணத்தின் பெரும் பகுதி என்று நினைக்கிறேன். வெளிச்சத்தை நீட்டியது, கூட்டைச் சூடாக்கியது, குழாய்த் தண்ணீரை உறையாமல் ஓடவிட்டது. மூடிய பெரிய கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கில் கோழிகளை அடைத்து வைக்கலாம் என்றான பிறகு, குளிரைத் தாங்கும் கோழிக்கு வேலை இல்லாமல் போனது. கொட்டகைக்குள் மொன்றியலுக்கும் மியாமிக்கும் வித்தியாசமில்லை. அங்கே பெரிய கொண்டையுள்ள லெக்ஹோர்ன் குறைந்த தீனியில் கூடுதல் முட்டையிடும். பெரிய நிறுவனங்களின் கலப்பினங்கள் சந்தையைப் பிடித்தன. 1979இல் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷான்தெக்லேர் கூட்டத்தைக் கலைத்தபோது, இனமே அழிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அழியவில்லை. கொட்டகையும் சூடும் வாங்க வசதியில்லாத, அல்லது வாங்க விரும்பாத சிறு பண்ணைகளில் பெயர் பதியாமல் நின்றுகொண்டிருந்தது.

1998 சனவரியில் ஐந்து நாட்கள் பனிமழை பெய்தது. பெய்யும் மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைய, மின்கோபுரங்கள் அந்தப் பாரத்தில் மடிந்து விழுந்தன. கியூபெக்கில் 14 இலட்சம் இணைப்புகள் இருண்டன; மொன்றியலுக்குத் தெற்கே உள்ள விவசாயப் பகுதிகளில் சில வீடுகளுக்கு ஒரு மாதம் ஆகியும் மின்சாரம் வரவில்லை. பண்ணைகளில் பம்பு ஓடவில்லை, காற்றாடி சுற்றவில்லை. மூடிய கொட்டகைகளில் விலங்குகள் செத்தன. அதற்கு அடுத்த வருடம், 1999இல், கியூபெக்கின் சட்டமன்றம் மூன்று விலங்கினங்களை மாகாணத்தின் விவசாய மரபுச் செல்வம் என்று சட்டம் செய்து அறிவித்தது: கனடியன் குதிரை, கனடியன் பசு, ஷான்தெக்லேர் கோழி. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாமலும் சீவிக்கத் தெரிந்த மூன்று விலங்குகள் அவை என்பதை மட்டும் கவனித்தேன்.

துறவிகள் 2009இல் ஓக்காவை விட்டுப் போய்விட்டார்கள். எண்ணிக்கை குறைந்து, அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்க முடியாமல், வடக்கே சென்-ஷான்-து-மத்தாவில் சிறிய மடம் ஒன்று கட்டிக்கொண்டார்கள். பழைய மடத்தின் பெரிய கல்கட்டடம் இரு மலை ஏரிக்கு அருகில் நிற்கிறது. ஏரி கோடையில் படகுத்துறை. குளிர்காலத்தில் உறைந்ததும் அதன் மேலேயே வாகனங்கள் ஓட அக்கரைக்குப் பாதை போடுவார்கள். தண்ணீர் உறைவதால் இந்தப் பகுதியில் யாருக்காவது நன்மை உண்டென்றால் அந்தப் பாதையில் போகிறவர்களுக்குத்தான்.

தொலார்-தெ-ஸொர்மோவில் உள்ள முருகன் கோவிலுக்குப் போகும்போது என் மகள் சேவற்கொடியை உற்றுப் பார்த்து, முருகனின் சேவலுக்குக் கொண்டை கூடப் பெரிது, இங்கே நின்றால் உறைந்துபோகும் என்றாள். அவளுக்கு வயது ஒன்பது. கூட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவதில் எனக்கு அடுத்த ஆள் அவள்தான். ஓக்காவின் சேவலைக் கொடியில் வரையலாமே என்றும் கேட்டாள். ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

நகரத்தில் ஷான்தெக்லேர் வளர்ப்பதில் ஒரு தடை இருக்கிறது. பேட்டுக்கு அனுமதி, சேவலுக்கு இல்லை. காரணம் அது பாடும் என்பது. பெயரிலேயே பாட்டை வைத்திருக்கும் இனத்துக்கு இது பொருத்தமான சட்டமா என்று தெரியவில்லை. ஆனால் அதிகாலை நாலரைக்குக் கூவினால் என் அயலவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்த இனம் தலைமுறை எடுப்பது ஊர்ப்புறத்துச் சிறு பண்ணைகளில்தான். நாங்கள் பேடுகளை வாங்கி வந்து முட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கலப்புப் பேட்டுக்கு வயதாகிவிட்டது. போன சனவரியில் அதன் கொண்டையின் இரண்டு முனைகள் கறுத்து விழுந்தன. அதனிடத்துக்கு ஒரு ஷான்தெக்லேருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பேடு என்று உறுதியான பிறகு, ஆவணி வாக்கில் தருவதாகப் பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார்.